ஃபார்மர்லி: ‘முன்பு’ மட்டும் போதாது

‘ஃபார்மர்லி’ (formerly) என்ற ஆங்கிலச் சொல்லுக்கு அகராதியில் ‘முன்பு’ என்றுதான் இருக்கிறது, அப்புறம் ‘எகோ’ (ago), ‘பிஃபோர்’, ‘ப்ரீவியஸ்லி’ எல்லாம் எதற்கு என்று கேட்டிருக்கிறீர்கள். குழப்பம் ஆங்கிலத்தில் இல்லை, நம் ‘முன்பு’வில் இருக்கிறது. அந்த ஒரு சொல் நாலு பேர் வேலையைப் பார்க்கிறது.

ஃபார்மர்லி என்றால் ‘முன்பு அப்படி இருந்தது, இப்போது இல்லை’. இந்தப் பின்பாதிதான் உயிர். கிருஷ்ணகிரி 2004 பிப்ரவரியில் தனி மாவட்டமானது. அதனால் ‘கிருஷ்ணகிரி வாஸ் ஃபார்மர்லி எ பார்ட் ஆஃப் தர்மபுரி டிஸ்ட்ரிக்ட்’ சரி. தர்மபுரியே 1965 வரை சேலம் மாவட்டம்; அதற்கும் இதே சொல் பொருந்தும். ‘தர்மபுரி வாஸ் ஃபார்மர்லி நோன் ஆஸ் தகடூர்’ என்பதும் அப்படித்தான். பெயர், பதவி, வேலை, எல்லை என்று கொஞ்ச காலம் நீடித்து மாறியவற்றுக்கே இது. ‘முன்னாள் தலைவர்’ என்கிறோமே, அந்த ‘முன்னாள்’தான் இதற்கு நெருங்கிய உறவு.

ஒருமுறை நடந்து முடிந்ததற்கு இது ஒட்டாது. ஏற்கெனவே ஒகேனக்கல் போயிருக்கிறேன் என்பதற்கு ‘ப்ரீவியஸ்லி’ போடுங்கள்; அது வரிசையை மட்டும் சொல்லும், இப்போது நிலைமை மாறியதா என்று கவலைப்படாது. எண் வந்தால் ‘எகோ’: ‘டூ இயர்ஸ் எகோ’. இன்றிலிருந்து பின்னோக்கி எண்ணும்போது ‘டூ இயர்ஸ் பிஃபோர்’ என்பது நம் ஊர் வழக்கம். தேர்வில் மார்க் போகும்.

இடம்: ‘வாஸ்’, ‘வேர்’ இருந்தால் அதற்குப் பின், இல்லாவிட்டால் வினைக்கு முன். ‘ஷி ஃபார்மர்லி வொர்க்ட் இன் ஓசூர்.’ காலம் பெரும்பாலும் சாதாரண இறந்தகாலம்.

பழைய பள்ளிச் சான்றிதழில் தர்மபுரி மாவட்டம் என்றும் ஆதாரில் கிருஷ்ணகிரி என்றும் இருப்பவர்கள், ஆங்கில விளக்கக் கடிதத்தில் புது மாவட்டத்தை எழுதி, அடைப்புக்குள் ‘ஃபார்மர்லி தர்மபுரி டிஸ்ட்ரிக்ட்’ என்று சேர்க்கலாம். அரசுத் தாள்களில் ‘முன்னாள்’ என்ற பொருளில் வரும் ‘எர்ஸ்ட்வைல்’ பெயருக்கு முன்னால் வரும் அடைமொழி. அதை இங்கே இழுக்க வேண்டாம்.

எழுத்துக்கூட்டலில் மட்டும் ஜாக்கிரதை. ‘முன்னாள்’ என்று பொருள்படும் ‘ஃபார்மர்’ (former) கூட ‘லி’ சேர்ந்தது இது. ‘ஃபார்மல்’ (formal) கூட ‘லி’ சேர்ந்தால் ‘முறைப்படி’. பிரிட்டிஷ் உச்சரிப்பில் இரண்டும் ஒரே ஒலி. இரண்டுமே சரியான சொற்கள் என்பதால் கணினியின் எழுத்துத் திருத்தியும் கண்டுகொள்ளாது. ‘முன்பு தர்மபுரி மாவட்டம்’ என்று எழுத நினைத்தது ‘முறைப்படி தர்மபுரி மாவட்டம்’ என்றாகிவிடும்.