வாகனம் கேள்வி-பதில்: ட்ரைக்கின் குரல் கனக்க வேண்டுமானால்

கேள்வி: முழங்கால் அறுவைச் சிகிச்சைக்குப் பிறகு மோட்டார்சைக்கிளைக் காலால் தாங்கி நிற்க முடியவில்லை. அதனால் வி-ட்வின் எஞ்சின் (V வடிவில் இரு சிலிண்டர்கள் உள்ளது) கொண்ட பழைய முச்சக்கர ட்ரைக் ஒன்றை வாங்கினேன். ஓட்டுவதற்குச் சுகமாக இருந்தாலும், அதன் சத்தம் தகரத்தைத் தட்டுவதுபோல் இருக்கிறது. கம்பீரமான, கனத்த ஓசை வேண்டும் என்பது என் ஆசை. வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) அடுக்குமாடியில் குடியிருப்பதால் அண்டை வீட்டாருக்குத் தொல்லை தரக் கூடாது, சட்டத்தையும் மீறக் கூடாது. இதற்கு வழி உண்டா?
- வாசகர், ஈசூன்

பதில்: வழி உண்டு. ஆனால், கனத்த ஓசை என்றதும் சைலன்சரைத் திறந்துவிட வேண்டும் என்று பலரும் நினைக்கிறார்களே, அந்த வழி அல்ல. திறந்துவிட்டால் சத்தம்தான் கூடும், ஆழம் கூடாது. இந்த இரண்டையும் ஒன்றாக எண்ணுவதால்தான் நல்ல வண்டிகள் பல பாழாகின்றன.

எஞ்சினின் அடிச்சுருதியைப் புகைக்குழாய் தீர்மானிப்பதில்லை, சிலிண்டர்கள் எரியும் வேகமே தீர்மானிக்கிறது. நான்கு ஸ்ட்ரோக் எஞ்சினில் கிராங்க் தண்டு இரண்டு முறை சுற்றும்போது ஒவ்வொரு சிலிண்டரும் ஒரு முறை எரிகிறது. ஆகவே நிமிடத்துக்கு 2,400 சுற்றில் ஓடும் இரட்டைச் சிலிண்டர் எஞ்சின் விநாடிக்கு 40 முறை வெடிக்கும். அதே வேகத்தில் மூன்று சிலிண்டர் எஞ்சின் 60 முறை வெடிக்கும். கேன்-ஆம் ஸ்பைடர் என்ற முச்சக்கர வண்டி வகையில் இப்போது வரும் 1,330 சிசி ரோட்டாக்ஸ் எஞ்சினுக்கு மூன்று சிலிண்டர்கள். அதில் எந்தச் சைலன்சரைப் பொருத்தினாலும் ஹார்லி-டேவிட்சன் மோட்டார்சைக்கிளின் குரல் வராது. உங்களுடையது வி-ட்வின் என்பதால் அடித்தளம் ஏற்கெனவே உங்களிடம் இருக்கிறது. ஹார்லியின் எஞ்சினில் சிலிண்டர்கள் 45 பாகை கோணத்தில் நிற்பதால், இரு வெடிப்புகளுக்கும் இடையே கிராங்க் தண்டின் சுழற்சியில் ஒரு முறை 315 பாகையும் மறுமுறை 405 பாகையும் இடைவெளி விழுகிறது. தாளம் தப்பித் தப்பி நடப்பதுபோல் கேட்கும் அந்த ஓசைக்கு இதுவே காரணம்.

அப்படியானால் குழாயாலும் சைலன்சராலும் ஆவது என்ன? அந்த அடிச்சுருதியின்மேல் ஏறிவரும் கூர்மையான மேல் ஒலிகளை எவ்வளவு விடுவது, எவ்வளவு அடக்குவது என்பதுதான். தொப்பிப் பக்கம் கனத்து ஒலிக்க மிருதங்கக் கலைஞர் ஓங்கி அடிப்பதில்லை, தோலின் நடுவே ரவைப் பசையை அப்புகிறார். உங்கள் வண்டிக்கும் வேண்டியது அந்த அணுகுமுறைதான். மேல் ஒலிகளைக் கழித்துவிட்டால், அடியில் ஏற்கெனவே இருக்கும் கனம் தானாகக் காதில் விழும்.

பழைய வண்டி என்று எழுதியிருப்பதால், புதுச் சைலன்சருக்குப் பணம் செலவழிக்கும் முன் இருப்பதைச் சோதியுங்கள். எஞ்சின் முழுவதும் ஆறிய பிறகு சைலன்சரை ரப்பர் சுத்தியால் மெதுவாகத் தட்டிப் பாருங்கள். ‘தொம்’ என்று அடங்கி ஒலித்தால் உட்பாகம் நலமாக இருக்கிறது என்று கொள்ளலாம். உள்ளே ஏதோ உருண்டு கலகலத்தால், தடுப்புத் தகட்டின் பற்றவைப்பு விட்டிருக்கிறது. வெற்றுக் குவளையைப்போல் நீளமாகக் கணீரிட்டால், துளையிட்ட உட்குழாயைச் சுற்றியிருக்கும் கண்ணாடி நார் எரிந்து தீர்ந்திருக்கக்கூடும். பிறகு, குழாயின்மேல் இருக்கும் வெப்பத் தடுப்புத் தகடுகளை ஒவ்வொன்றாகக் கையால் அசைத்துப் பாருங்கள். ஒரு கவ்வி தளர்ந்திருந்தாலும், நீங்கள் சொல்லும் தகரச் சத்தம் முழுவதும் அங்கிருந்தே வரலாம். கவ்வியை இறுக்கியதோடு குறை தீர்ந்துபோன வண்டிகள் உண்டு.

சைலன்சரை மாற்றியே ஆக வேண்டுமென்றால், நார் நிரப்பிய உறிஞ்சு வகையில் நீளமானதைத் தேர்ந்தெடுங்கள். கண்ணாடி நார் உயர் அதிர்வெண்களை நன்றாக உறிஞ்சி, தாழ்ந்தவற்றைப் பெரும்பாலும் கடந்துபோக விடுகிறது. உங்களுக்கு வேண்டியதும் அதுவே. கடைகளில் அழகுக்காக விற்கும் குட்டையான சைலன்சர்களில் நாருக்கு இடமே இருப்பதில்லை. அவற்றை நான் ஒருபோதும் பரிந்துரைக்க மாட்டேன். குழாய்ச் சுவரின் தடிமனையும் கேட்டு வாங்குங்கள். 1 மில்லிமீட்டர் எஃகு தானே அதிர்ந்து கிணுகிணுக்கும், 1.5 மில்லிமீட்டருக்குக் குறையாதது அடங்கி ஒலிக்கும். நம் ஊரின் ஈரக் காற்றுக்குத் துருப்பிடிக்காத எஃகுதான் சரி. குழாயைச் சுற்றித் துணிபோன்ற வெப்பநாடாவைக் கட்டினாலும் கிணுகிணுப்பு குறையும்தான். ஆனால் இங்கே பெய்யும் மழையில் அது நீரைத் தேக்கி, குழாயின் வெளிப்புறத்தை அரித்துவிடும்.

இரு சிலிண்டர்களின் குழாய்களையும் தனித்தனியே பின்வரை கொண்டுபோனால் வெடிப்புகள் பிரிந்து கேட்கும்; இடையில் ஓரிடத்தில் இணைத்தால் ஓசை மழமழப்பாகும். ட்ரைக்கில் பின் அச்சும் டிஃபரென்ஷியலும் (பின்சக்கரங்கள் இரண்டையும் வெவ்வேறு வேகத்தில் சுழலவிடும் பகுதி) பின்பெட்டியும் குறுக்கே இருப்பதால், குழாய்கள் செல்லும் பாதையை மாற்றுமுன் பிரேக் குழாய்களுக்கும் டயருக்கும் பெட்டியின் அடிப்பாகத்துக்கும் போதிய இடைவெளி இருக்கிறதா என்று பார்க்க வேண்டும், அதுவும் சஸ்பென்ஷன் முழுவதும் அமுங்கிய நிலையில் பார்க்க வேண்டும். நிறுத்திவைத்த வண்டியில் தாராளமாகத் தெரியும் இடைவெளி, இரண்டு பேர் ஏறி ஒரு வேகத்தடையைக் கடக்கும்போது இல்லாமல் போய்விடும்.

ட்ரைக்கிற்கே உரிய இன்னொரு தொல்லை உண்டு. பின்பெட்டி ஒரு வெற்றுக்கூடு என்பதால், நெடுஞ்சாலையில் ஒரே வேகத்தில் போகும்போது தாழ்ந்த ஓசை அதற்குள் புகுந்து ரீங்கரித்து, அரை மணி நேரத்தில் தலைவலியைக் கொடுத்துவிடும். அந்த ரீங்காரத்தை மட்டும் அடக்கக் கிளைக்குழாய் ஒன்றைப் பொருத்தலாம். ஒரு முனை புகைக்குழாயில் திறந்தும் மறுமுனை மூடியும் இருக்கும் அந்தக் குழாயின் நீளம், அடக்க வேண்டிய ஒலியின் அலைநீளத்தில் கால் பங்காக இருக்க வேண்டும். 300 பாகை செல்சியஸ் வெப்பமுள்ள புகையில் ஒலி விநாடிக்கு ஏறத்தாழ 480 மீட்டர் வேகத்தில் செல்கிறது. ஆகவே 120 ஹெர்ட்ஸ் ரீங்காரத்துக்கு ஒரு மீட்டர் நீளம் வேண்டும். இருசக்கர வண்டியில் இதற்கு இடமிருக்காது. ட்ரைக்கின் அடிப்பாகத்தில் அளந்து பார்த்தால் இடம் கிடைக்கக்கூடும், உங்கள் வண்டிக்கு உள்ள அனுகூலம் அது.

அண்டை வீட்டாரைப் பற்றி நீங்கள் கவலைப்படுவது எனக்கு மிகவும் பிடித்திருந்தது. ஒலி அளக்கும் கருவிகள் மனிதக் காதின் இயல்பைப் பின்பற்றி, தாழ்ந்த ஒலிகளைக் குறைத்தே கணக்கிடுகின்றன. 1,000 ஹெர்ட்ஸ் ஒலியோடு ஒப்பிட்டால் 50 ஹெர்ட்ஸ் ஒலியின் அளவில் 30 டெசிபல் கழிக்கப்படுகிறது. எனவே கனத்த ஓசை கருவியில் நல்ல பிள்ளையாகத் தெரியும். ஆனால் சுவரையும் சன்னலையும் ஊடுருவிப் போவது அந்தத் தாழ்ந்த ஒலிதான். பலமாடி வாகன நிறுத்துமிடத்தில் அது தூணுக்குத் தூண் எதிரொலித்துப் பெருகும். சோதனையில் தேறியதாலேயே, விடியற்காலையில் கீழ்த்தளத்தில் எஞ்சினை ஓடவிட்டுச் சூடாக்கும் உரிமை நமக்கு வந்துவிடாது. நவீன எஞ்சினுக்கு நின்ற இடத்தில் நீண்ட நேரம் சூடேற்ற வேண்டிய தேவையும் இல்லை. கிளப்பியதும் மெதுவாக ஓட்டிச் செல்லுங்கள்.

சட்டத்தைப் பொறுத்தவரை, சிங்கப்பூரில் புகைபோக்கி அமைப்பை மாற்ற நிலப் போக்குவரத்து ஆணையத்தின் அனுமதி தேவை. அதைப் பொருத்துவதற்கு முன்னரே பெற வேண்டும். நீங்கள் வாங்க நினைக்கும் சைலன்சருக்கு, உங்கள் வண்டியின் இதே மாடலுக்கு உரிய ஒலி, புகை சோதனை அறிக்கைகளைத் தர முடியுமா என்று கடைக்காரரிடம் முதலில் கேளுங்கள். அவர் தயங்கினால் அந்தக் கடையை விட்டு வெளியே வந்துவிடுங்கள். அனுமதி கிடைத்ததும் காப்புறுதி நிறுவனத்துக்கும் எழுத்துமூலம் தெரிவித்துவிடுவது நல்லது.

கேள்வி: சைலன்சருக்குள் இருக்கும் தடுப்பை எடுத்துவிட்டால் போதும், புதிதாக வாங்க வேண்டியதில்லை என்கிறார் எனக்குத் தெரிந்த மெக்கானிக். இன்னொருவர் நான்கைந்து துளைகள் போட்டுத் தருவதாகச் சொல்கிறார். செலவு குறைவு என்பதால் யோசிக்கிறேன்.
- வாசகர், பிடோக்

பதில்: இரண்டையும் செய்யாதீர்கள். தடுப்பை எடுத்துவிட்டால், அதுவரை அடங்கியிருந்த மேல் ஒலிகள் அனைத்தும் வெளியே பாயும். கிடைப்பது கனமான குரல் அன்று, வெறும் வெடிச்சத்தம். துளை போடுவது அதைவிட மோசம், ஏனெனில் அதைப் பழையபடி சரிசெய்வது கடினம்.

சத்தத்தைத் தவிர இழப்பு வேறும் உண்டு. வெளியேறும் புகையின் அழுத்த அலை குழாயின் முனையில் திரும்பி வந்து, சிலிண்டரைக் காலி செய்ய உதவும்படி குழாயின் நீளத்தையும் விட்டத்தையும் தயாரிப்பாளர் அமைத்திருக்கிறார். அதைக் குலைத்தால் குறைந்த சுற்றுகளில் இழுவிசை போய்விடும். பெரிய ட்ரைக்குகள் 500 கிலோவுக்கு மேல் எடையுள்ளவை. சிவப்பு விளக்கிலிருந்து கிளம்பவும், நிறுத்துமிடத்தின் சரிவில் ஏறவும் அவற்றுக்குத் தேவைப்படுவது இந்தக் குறைந்த சுற்று இழுவிசைதான். பெரிய விட்டமுள்ள குழாயை ஆசைப்பட்டுப் பொருத்துபவர்களுக்கும் இதே கதிதான் நேர்கிறது.

மேலும், மோட்டார்சைக்கிள்கள் மூன்று ஆண்டுகள் ஆனபின் ஆண்டுதோறும் கட்டாயச் சோதனைக்குச் செல்ல வேண்டும். அனுமதியற்ற மாற்றத்துக்கு அபராதம் மட்டுமல்லாமல் சிறைத் தண்டனைக்கும் சட்டத்தில் இடமுண்டு. நாற்பது ஐம்பது வெள்ளி மிச்சம் பிடிப்பதற்காக எடுக்கும் துணிச்சல் அல்ல இது.

கேள்வி: ஜொகூரில் ஒரு கடையில் மாற்றிக்கொண்டு, அங்கே ஓட்டும்போது மட்டும் பயன்படுத்தலாமா?
- வாசகர், உட்லண்ட்ஸ்

பதில்: வண்டி சிங்கப்பூரில் பதிவானது; கடற்பாலத்தைக் கடந்து திரும்பும் நொடியிலேயே இங்குள்ள விதிகள் அதற்குப் பொருந்தும். வீட்டுக்கு வருமுன் பழைய சைலன்சரை மாட்டிவிடுவேன் என்றால், ஒவ்வொரு முறையும் கேஸ்கட்டை (இணைப்பில் கசிவைத் தடுக்கும் வளையத்தை) மாற்ற வேண்டும், ஸ்டட் திருகுகளின் மரைகள் தேயும். அங்கேயும் வாகன மாற்றத்துக்கும் இரைச்சலுக்கும் சட்டங்கள் இருக்கின்றன என்பதை மறக்க வேண்டாம்.

கேள்வி: வாங்கிய நாளிலிருந்து, ஆக்ஸிலரேட்டரை விட்டதும் என் ட்ரைக்கின் புகைக்குழாயில் ‘பட்பட்’ என்று வெடிக்கிறது. இதற்குமுன் வைத்திருந்தவர் சைலன்சரை மாற்றியிருக்கிறார். எஞ்சினில் கோளாறா?
- வாசகர், தோ பாயோ

பதில்: பெரும்பாலும் எஞ்சினில் இருக்காது. ஆக்ஸிலரேட்டரை விடும்போது குழாய்க்குள் அழுத்தம் குறைந்து, எங்காவது ஒரு கசிவு வழியே வெளிக்காற்று உள்ளே இழுக்கப்படுகிறது. எரியாமல் எஞ்சிய பெட்ரோல் ஆவி அந்தக் காற்றோடு சேர்ந்து சூடான குழாய்க்குள் வெடிக்கிறது. சிலிண்டர் தலையில் குழாய் சேரும் இடத்தையும், சைலன்சர் கவ்வியையும், ஆக்ஸிஜன் சென்சார் திருகியிருக்கும் இடத்தையும் டார்ச் வெளிச்சத்தில் பாருங்கள். இணைப்பிலிருந்து விசிறிபோல் விரிந்த கரிக்கோடு தெரிந்தால், கசிவு அங்கேதான். உறுதிப்படுத்திக்கொள்ள, ஆறிய எஞ்சினைக் கிளப்பிய உடனே, உலோகம் சூடேறுவதற்குள், இணைப்புகளில் சோப்பு நீரைத் தெளித்துக் குமிழி வருகிறதா என்று பார்க்கலாம்.

கசிவு இருந்தால் புதிய கேஸ்கட் போட்டு, நட்டுகளை மாறி மாறிச் சிறிது சிறிதாக, கையேட்டில் குறித்த அளவுக்கு முறுக்குங்கள். ஒரு பக்கத்தை முதலில் முழுவதும் இறுக்கிவிட்டால் கேஸ்கட் சாய்ந்து நசுங்கி, சில நாட்களில் மீண்டும் கசியும். கசிவே இல்லையென்றால், முன்னவர் பொருத்திய சைலன்சருக்கு ஏற்ப எரிபொருள் அளவு சரிசெய்யப்படாமல், கலவை மெலிந்து, அதாவது காற்றுக்கு ஏற்ற பெட்ரோல் இல்லாமல், ஓடக்கூடும். அந்தச் சைலன்சருக்கு அனுமதி பெறப்பட்டதா என்பதற்கான ஆவணத்தை விற்றவரிடம் கேட்டுப் பாருங்கள். அது கிடைக்காவிட்டால், எரிபொருள் அளவைச் சரிசெய்யச் செலவிடும் பணத்தை மூலச் சைலன்சரைத் தேடி வாங்கச் செலவிடுங்கள்.