முகத்தைத் தேய்க்கும் முன்: இறந்த செல் நீக்கம் பற்றிக் கேள்வி பதில்

தோல் பராமரிப்புப் பொருட்கள் தயாரிக்கும் ஆய்வகத்தில் பல வருடம் வேலை பார்த்தவள் நான். டாக்டர் இல்லை. அதனால் புண், சீழ், பரவும் தடிப்பு இவற்றுக்கு இங்கே வைத்தியம் சொல்ல மாட்டேன். எக்ஸ்ஃபோலியேஷன், அதாவது மேல்தோலில் தங்கிவிட்ட இறந்த செல்களை நீக்குவது பற்றி வந்த கேள்விகளுக்கு மட்டும் பதில்.

கேள்வி: அக்கா, இதெல்லாம் அவசியம்தானா? என் பாட்டி எதுவுமே செய்ததில்லை, தோல் நன்றாகத்தான் இருந்தது.

அவசியம் இல்லை. தோல் இந்த வேலையைத் தானே செய்துகொள்கிறது. மேல்தோலின் அடியில் பிறக்கும் செல் மெல்ல மேலே ஏறி, தட்டையாகி, காய்ந்து உதிர இளவயதில் சுமார் 4 வாரம் ஆகும். வயது ஏற ஏற 6 வாரம், அதற்கு மேலும் இழுக்கும். அப்போதுதான் தோல் மங்கலாக, சொரசொரப்பாகத் தெரிகிறது.

‘இறந்த செல்’ என்ற பெயரைக் கேட்டதும் குப்பை என்று கூட்டித் தள்ளத் தோன்றும். அதை வீட்டு ஓடு மாதிரி நினைத்துக்கொள்ளுங்கள். உடம்பின் பெரும்பாலான இடங்களில் 15 முதல் 20 வரிசை இருக்கும். உள்ளே இருக்கும் ஈரத்தைக் காப்பதும், கிருமியை வெளியே நிறுத்துவதும் அந்த அடுக்குதான். பெயர்ந்து நிற்கும் ஓட்டை எடுத்துப்போட நாம் கூடமாட ஒத்தாசை செய்கிறோம், அவ்வளவுதான். கூரையையே பிரித்துவிடக் கூடாது.

கேள்வி: இரண்டு வாரமாகத் தினமும் சர்க்கரை ஸ்க்ரப் போட்டேன். முகம் பளபளவென்று இருக்கிறது, ஆனால் மாய்ஸ்சரைசர் தடவினாலே எரிகிறது. மருந்து வேலை செய்கிறது என்று அர்த்தமா?

இல்லை, கூரை போய்விட்டது என்று அர்த்தம். மெழுகு பூசியது போல் இறுக்கமான மினுமினுப்பு, தண்ணீர் பட்டாலே எரிச்சல், இதுவரை ஒத்துக்கொண்ட கிரீம் திடீரென்று காந்துவது எல்லாம் அளவுக்கு மீறித் தேய்த்ததன் அடையாளங்கள்.

இன்றோடு ஸ்க்ரப், ஆசிட், ரெட்டினால் (வைட்டமின் ஏ வகை), வைட்டமின் சி சீரம் அனைத்தையும் நிறுத்துங்கள். நுரை அதிகம் வராத, வாசனை சேர்க்காத கிளென்சர், கெட்டியான மாய்ஸ்சரைசர், பகலில் சன்ஸ்க்ரீன். இரவில் வறண்ட இடங்களில் மெல்லிசாகப் பெட்ரோலியம் ஜெல்லி தடவலாம். இரண்டு முதல் நான்கு வாரம் பொறுமை வேண்டும். வீக்கமோ நீர் கசிவோ இருந்தால் காத்திருக்காமல் தோல் மருத்துவரிடம் போங்கள்.

வெட்கப்படவும் வேண்டாம். ஆய்வகத்தில் ஒருமுறை மூன்று மாதிரிகளை ஒரே மாலையில் என் முகத்திலேயே பூசிப் பார்த்தேன். பத்து நாள் சிவந்த முகத்தோடு வேலைக்குப் போனேன். விவரம் தெரிந்தவள் செய்த காரியம் அது!

கேள்வி: ஸ்க்ரப் நல்லதா, ஆசிட் நல்லதா? ஆசிட் என்றாலே பயமாக இருக்கிறது மேடம்.

ஸ்க்ரப் உரசிப் பெயர்க்கிறது. ஆசிட், செல்களை ஒன்றோடொன்று பிடித்துவைத்திருக்கும் பிணைப்பைத் தளர்த்துகிறது. முகத்துக்கு என் ஓட்டு ஆசிடுக்குத்தான். ஸ்க்ரப் போடும்போது கை எவ்வளவு அழுத்தும் என்பது அன்றைய கோபத்தைப் பொறுத்தது. பாட்டிலில் உள்ள ஆசிடின் அளவு மாறாது.

எண்ணெய் வழியும், பரு வரும் தோலுக்கு சாலிசிலிக் ஆசிட். அது எண்ணெயில் கரைவதால் துவாரத்துக்குள் இறங்கும். 0.5 முதல் 2 சதவீதம் போதும். ஆஸ்பிரின் ஒத்துக்கொள்ளாதவர்கள் இதைத் தவிர்க்க வேண்டும். வறண்ட தோலுக்கு லாக்டிக் ஆசிட் இதமானது. கிளைகோலிக்கின் மூலக்கூறு மிகச் சிறியது, சட்டென்று உள்ளே போகும், எரிச்சலும் அதிகம். மாண்டெலிக் கொஞ்சம் பெரியது, நிதானமாகப் போகும். எதைப் போட்டாலும் சிவக்கும் தோல் என்றால் குளுக்கோனோலாக்டோன் என்ற மென்மையான ஆசிடைப் பாருங்கள்.

இதில் பலர் கவனிக்காத விஷயம் பிஹெச், அதாவது அமிலத்தன்மையைக் காட்டும் எண். எண் குறையக் குறைய அமிலம் கூடும். கிளைகோலிக் 10 சதவீதம் என்று லேபிளில் இருந்தால் அது பாதிக் கதைதான். பிஹெச் 3.8 அளவில் அந்த ஆசிடில் ஏறக்குறைய பாதிதான் தோலுக்குள் புகக்கூடிய வடிவில் இருக்கும். பிஹெச் ஏற ஏற வீரியம் குறையும், இறங்க இறங்கக் கூடும். அமெரிக்காவின் அழகுப்பொருள் நிபுணர் குழு, வீட்டு உபயோகத்துக்கு கிளைகோலிக், லாக்டிக் இரண்டையும் 10 சதவீதத்துக்கு மேல் போகாமலும் பிஹெச் 3.5க்குக் கீழே இறங்காமலும் இருக்கச் சொல்கிறது.

முதலில் முன்கையின் உட்புறத்தில் மூன்று நான்கு நாள் தடவிப் பாருங்கள். அப்புறம் முகத்தில் வாரத்துக்கு ஓர் இரவு. ஒரு மாதம் போன பிறகு வேண்டுமானால் இரண்டு இரவு. தினமும் வேண்டாம்.

கேள்வி: எலுமிச்சைச் சாறும் சமையல் சோடாவும் கலந்து போடலாமா? இயற்கைதானே?

வேண்டாம். தோலின் பிஹெச் 5ஐ ஒட்டி இருக்கும். எலுமிச்சை 2ஐ ஒட்டி. ஒவ்வொரு எண்ணுக்கும் பத்து மடங்கு என்பதால், தோலைவிட ஆயிரம் மடங்கு அமிலம். சோடா நேர் எதிர்ப்பக்கம், 8க்கு மேல். போதாததற்கு, எலுமிச்சை வகைச் சாறு தோலில் இருக்கும்போது வெயில் பட்டால் கொப்புளம் வந்து, கறை மாதக்கணக்கில் நிற்கலாம்.

கேள்வி: என் நிறம் கறுப்பு. ஸ்க்ரப் போட்ட பிறகு கன்னம் இன்னும் கறுத்துவிட்டது. இன்னும் நன்றாகத் தேய்த்தால் போகுமா?

தேய்க்கத் தேய்க்கக் கறுப்பு கூடத்தான் செய்யும். நிறமி அதிகம் உள்ள தோலில் சின்னக் காயம், எரிச்சல் எது வந்தாலும் அந்த இடம் மெலனினைக் கூடுதலாகச் சுரந்துவிடும். ஸ்க்ரப்பால் வந்த கறுப்பு ஸ்க்ரப்பால் போகாது. நிறுத்திவிட்டு சன்ஸ்க்ரீனை ஒழுங்காகப் போடுங்கள். மறைய மாதங்கள் ஆகும். மாநிறம், கறுப்புத் தோல் உள்ளவர்கள் எதையும் குறைந்த வீரியத்தில் தொடங்குவதற்கு இதுதான் காரணம்.

கேள்வி: ஆசிட் இரவில்தானே போடுகிறேன். பகலில் சன்ஸ்க்ரீன் எதற்கு?

இரவில் போட்டாலும் மெலிந்த அடுக்கு பகலிலும் மெலிந்துதான் இருக்கும். கிளைகோலிக் வகை ஆசிட்களை நிறுத்திய பிறகும் ஏறக்குறைய ஒரு வாரம் தோல் வெயிலுக்கு எளிதில் கன்றும். எஸ்பிஎஃப் 30 அல்லது அதற்கு மேல், தாராளமாக.

கேள்வி: இணையத்தில் 30 சதவீத ஆசிட் பீல் (மேல்தோலை உரிக்கும் கலவை) கிடைக்கிறது. பத்து நிமிடம் வைத்துக் கழுவினால் போதும் என்கிறார்கள். வாங்கலாமா?

வாங்காதீர்கள். அந்த அளவுக்கு நேரம் பார்த்து, தோல் வெளுக்கிறதா என்று பார்த்து, உடனே நிறுத்தத் தெரிந்த கை வேண்டும். 2024இல் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்டிஏ, இப்படி நேரடியாக விற்கப்படும் வீரியமான பீல்களை மருத்துவ மேற்பார்வை இல்லாமல் பயன்படுத்த வேண்டாம் என்று எச்சரித்தது. ரசாயனத் தீக்காயம் வரும்.

கேள்வி: மூக்கில் இருக்கும் கரும்புள்ளிகள் பிதுக்கினாலும் திரும்பத் திரும்ப வருகின்றன.

ஒரே அளவில், வரிசையாக, சாம்பல் நிறத்தில் இருந்தால் அவை பெரும்பாலும் கரும்புள்ளியே இல்லை. துவாரத்தில் இயல்பாக நிரம்பும் எண்ணெய் இழைகள். எல்லாருக்கும் உண்டு, ஒரு மாதத்துக்குள் மறுபடி நிரம்பிவிடும். சாலிசிலிக் போட்டால் மங்கலாகும், ஒழியாது. உருப்பெருக்கிக் கண்ணாடியைத் தூர வைத்துவிடுங்கள்.

கேள்வி: மேல்கையில் கோழித்தோல் மாதிரி புள்ளிப் புள்ளியாக இருக்கிறது. நாரால் அழுத்தித் தேய்த்தும் போகவில்லை.

அது அழுக்கு அல்ல. முடிக்கால்களில் கெரட்டின் என்ற தோல் புரதம் அடைத்துக்கொள்வது, பரம்பரையாக வருவது. அழுத்தித் தேய்த்தால் சிவக்கும். குளித்த ஈரத்தோடு யூரியா அல்லது லாக்டிக் ஆசிட் கலந்த லோஷனைத் தடவி வாருங்கள். நிறுத்தினால் திரும்ப வரும்.

கேள்வி: இரவில் ரெட்டினால் போடுகிறேன். அதோடு ஆசிடும் சேர்க்கலாமா?

ஒரே இரவில் வேண்டாம், ஆசிட் போடும் இரவில் ரெட்டினாலை விட்டுவிடுங்கள். பருவுக்கு ஐசோட்ரெட்டினாயின் மாத்திரை சாப்பிடுபவர்கள், டாக்டர் சொல்லாமல் ஸ்க்ரப், ஆசிட் எதையுமே தொடக் கூடாது.

கேள்வி: அம்மாவுக்குச் சர்க்கரை நோய். குதிகால் வெடிப்புக்கு நுரைக்கல்லா (ப்யூமிஸ்), பிளேடு வைத்த கருவியா?

இரண்டும் வேண்டாம். பாதத்தில் உணர்ச்சி குறைந்திருந்தால் வெட்டுப்பட்டதுகூடத் தெரியாது, புண் ஆறவும் நாளாகும். டாக்டரிடம் பாதத்தைக் காட்டி, எந்த கிரீம் என்று கேட்டுத் தடவுங்கள்.

கேள்வி: மகளுக்கு 12 வயது. வீடியோ பார்த்துவிட்டு ஆசிட் சீரம் கேட்கிறாள்.

கிளென்சர், மாய்ஸ்சரைசர், சன்ஸ்க்ரீன் வாங்கிக் கொடுங்கள். அந்த வயதில் தோல் தானே வேகமாக உதிர்த்துக்கொள்கிறது. பரு அதிகம் என்றால் டாக்டரிடம் அழைத்துப் போங்கள்.

கேள்வி: உடம்புக்கு நார் பயன்படுத்தலாம்தானே? எங்கள் குளியலறையில் ஒன்று தொங்குகிறது, எத்தனை வருடமாக என்று தெரியவில்லை.

முதலில் அதைத் தூக்கிப் போடுங்கள். ஈர நாரில் பாக்டீரியா செழிக்கும். புதிது வாங்கினால் ஒவ்வொரு முறையும் அலசிப் பிழிந்து, குளியலறைக்கு வெளியே காயவையுங்கள். மூன்று நான்கு வாரத்துக்கு ஒருமுறை மாற்றுங்கள். ஷேவ் செய்த அன்றைக்கு நாரைத் தொட வேண்டாம்.