‘மற்றவை’ என்ற கட்டம் மட்டும் போதாது

கேள்வி: 120 வீடுகள் கொண்ட எங்கள் குடியிருப்பில், ‘உடனே செய்ய வேண்டியது எது?’ என்று கேட்டு, கண்காணிப்புக் கேமரா, வாகன நிறுத்துமிடம், உடற்பயிற்சிக்கூடம், மற்றவை என நான்கு விடைகள் கொடுத்தோம். பெரும்பாலோர் கேமராவைத் தேர்ந்தெடுத்தனர். பொதுக்குழுவிலோ தண்ணீர்ப் பிரச்சினைக்காகச் சண்டையே நடந்தது. ‘மற்றவை’ இருந்தும் அதை ஏன் யாரும் எழுதவில்லை?

பதில்: அச்சிட்ட பட்டியலைக் கையில் வாங்குபவர், சங்கம் எதையெல்லாம் செய்யத் தயாராக இருக்கிறது என்ற அறிவிப்பாகவே அதைப் படிக்கிறார். தண்ணீர் அதில் இல்லையென்றால், அது இப்போதைக்குப் பேச்சில் இல்லை என்று எடுத்துக்கொண்டு, இருப்பதில் ஒன்றுக்கு டிக் போட்டுவிடுகிறார். மேலும், டிக் போட ஒரு நொடி போதும். புள்ளிக்கோட்டில் எழுதுவதற்கோ யோசிக்க வேண்டும், எழுதினால் யாராவது படிப்பார்களா என்ற ஐயமும் கூடவே வரும்.

அமெரிக்காவில் ஹோவர்ட் ஷூமனும் ஜாக்குலின் ஸ்காட்டும் 1987இல் வெளியிட்ட ஆய்வு உங்கள் நிலைமைக்கு அப்படியே பொருந்துகிறது. நாட்டின் மிக முக்கியமான பிரச்சினை எது என்று பட்டியல் இல்லாமல் கேட்டபோது 3 சதவீதத்துக்கும் குறைவானவர்களே சொன்ன நான்கு விஷயங்களை, வேண்டுமென்றே பட்டியலாக்கி இன்னொரு குழுவிடம் கொடுத்தார்கள். வேறு எதையும் சொல்லலாம் என்று தெளிவாக அறிவித்திருந்தும், சுமார் 60 சதவீதத்தினர் அந்த நான்கில் ஒன்றையே தேர்ந்தெடுத்தார்கள். 2008 அமெரிக்க அதிபர் தேர்தலுக்குப் பின் பியூ ஆய்வு மையம் நடத்திய சோதனையிலும், வாக்கைத் தீர்மானித்தது பொருளாதாரமே என்றவர்கள் விடைப் பட்டியல் வாசித்துக் காட்டப்பட்டவர்களில் 58 சதவீதம், பட்டியல் இல்லாமல் கேட்கப்பட்டவர்களில் 35 சதவீதம்.

ஆகவே முதலில் 20, 25 வீடுகளில் விடை எதுவும் கொடுக்காமல் கேட்டு, அவர்கள் சொல்வதை அவர்கள் சொற்களிலேயே குறித்துக்கொள்ளுங்கள். சீட்டுக் குலுக்கி வீடுகளைத் தேர்ந்தெடுப்பது நல்லது. செயற்குழுவுக்கு வேண்டியவர்களையே கேட்டால் பழைய பட்டியல்தான் திரும்ப வரும். அடிக்கடி வந்தவற்றைக் கொண்டு புதிய பட்டியல் தயாரித்து, முதலில் இருப்பதற்கே டிக் விழுந்துவிடாமல் இருக்க, பாதிப் படிவங்களில் வரிசையைத் தலைகீழாக்கி அச்சிடுங்கள். பட்டியலே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. பழகிப்போன குறை கேட்டவுடன் நினைவுக்கு வராமல் போவதும் உண்டு, அதைப் பட்டியல்தான் நினைவூட்டும்.

கையில் இருக்கும் படிவங்களையும் எறிய வேண்டாம். ‘குடியிருப்போர் கேமராவையே விரும்புகிறார்கள்’ என்று மட்டும் அறிக்கையில் எழுதாமல், ‘கொடுக்கப்பட்ட மூன்றில் கேமராவுக்கே அதிக ஆதரவு’ என்று எழுதி, படிவத்தின் நகலையும் உடன் இணைத்துவிடுங்கள்.