முடி வளர்த்துப் புற்றுநோயாளருக்கு உதவ முடியுமா?

களுவாஞ்சிகுடியிலிருந்து ஒரு தம்பி கேட்டிருக்கிறார்: புற்றுநோயாளருக்குப் பொய்முடி செய்ய ஆண்கள் வளர்த்துக் கொடுக்கும் முடியை எடுப்பார்களா, முடி வளர்ப்பதைச் சொல்லி அவர்களுக்காகக் காசும் சேர்க்கலாமா?

தாராளமாக எடுப்பார்கள். பொறுமைதான் வேண்டும். முடி மாதத்துக்கு ஏறக்குறைய 1 சென்ரிமீற்றர்தான் வளரும். ஓரடி வளர இரண்டு வருடத்துக்கு மேல் போகும். எத்தனை அங்குலம் வேண்டும் என்று வாங்கும் அமைப்பிடம் முதலே கேட்டுவிடுங்கள். வெட்டும் நாளில் முழுகி, நன்றாகக் காயவிட்டு, பின்னி, மேலும் கீழும் ரப்பர் பட்டி போட்டு, மேல் பட்டிக்குச் சற்று மேலே வெட்டச் சொல்லுங்கள். ஈரத்தோடு கட்டி வைத்தால் பூஞ்சணம் பிடித்துவிடும். சலூன் தரையில் கூட்டி அள்ளியது உதவாது. அடியும் நுனியும் கலந்துவிடும்.

சரி, காசு. அதையும் சேர்க்கலாம். அரச ஆஸ்பத்திரியில் சிகிச்சை இலவசம். ஆனால் களுவாஞ்சிகுடிப் பக்கமிருந்து கொழும்புக்கு அருகே மகரகமவில் உள்ள புற்றுநோய் ஆஸ்பத்திரிக்குப் போகும் குடும்பத்துக்கு பஸ் காசும் தங்குமிடச் செலவும் பெரிய சுமை. சேர்வதை அதற்கே கொடுங்கள் என்பேன்.

"ஏன்டா முடி வளர்க்கிறாய்?" என்று சந்தையில் கேட்பார்கள் அல்லவா, அவர்களிடம் வாய்ப்புற்றுநோயைப் பற்றிச் சொல்லுங்கள். இலங்கை ஆண்களிடம் அதிகம் காணப்படும் புற்றுநோய்களில் அதுவும் ஒன்று. வெற்றிலையோடு புகையிலை போடுபவர் வாயில் 2 வாரமாகியும் ஆறாத புண்ணோ வெள்ளைத் திட்டோ இருந்தால், உடனே பல் வைத்தியரிடம் காட்டச் சொல்லுங்கள்.