ராஜகுருவும் குருசாமியும்

அன்புள்ள ஐயா,

காரைக்குடியில் ஏ.வி.எம். ஸ்டுடியோ இயங்கிய நாட்களைப் பற்றி நீங்கள் எழுதியிருந்ததைப் படித்தேன். நான் தேவகோட்டைப் பக்கத்தில் ஒரு பள்ளியில் ஆசிரியராக இருக்கிறேன். மாணவர்களுக்கு மாதம் ஒரு பழைய படம் திரையிடுகிறோம். அடுத்த முறை எம்.என்.நம்பியார் நடித்த படம் ஒன்றைக் காட்ட எண்ணம்; எதைக் காட்டலாம் என்று நீங்கள் சொல்ல வேண்டும். படத்துக்கு முன் வாசிப்பதற்காக, ‘திரையில் கெட்டவர், வாழ்வில் நல்லவர்’ என்ற தலைப்பில் ஓர் அறிமுக உரை எழுதி இணைத்திருக்கிறேன். புலாலும் மதுவும் தொடாதவர், ஐம்பது ஆண்டுகளுக்கும் மேலாகச் சபரிமலை சென்று வந்த குருசாமி. இப்படிப்பட்ட உத்தமர் வாழ்நாள் முழுவதும் கொடியவனாகவே நடிக்க நேர்ந்ததே, அது அவர் மனத்தை உறுத்தியிருக்காதா? இன்றைய படங்களில் அவரைப் போன்ற வில்லன்கள் ஏன் இல்லை? நம் செட்டிநாட்டு வீடுகளையே எப்போதும் வில்லனின் வீடாகக் காட்டுகிறார்களே, அதில் உங்களுக்கு வருத்தமில்லையா?

ஒரு வாசகர், தேவகோட்டை

அன்புள்ள நண்பருக்கு,

கடைசி இரண்டு கேள்விகளை முதலில் தள்ளிவிடுகிறேன். வீடுகளைப் பற்றி எனக்கு வருத்தம் எதுவும் இல்லை. பங்காளிகள் ஆளுக்கொரு ஊராகப் போய்ப் பூட்டிக் கிடக்கும் வளவில் ஓடு மாற்றுவதற்குப் படப்பிடிப்பு வாடகை உதவுமென்றால், அங்கே வில்லன் தாராளமாகக் குடியிருந்துவிட்டுப் போகட்டும். இன்றைய வில்லன்களைப் பொறுத்தவரை, அவர்கள் செய்துவந்த வேலையையும் கதாநாயகர்களே எடுத்துக்கொண்டுவிட்டார்கள், அவ்வளவுதான். பேச வேண்டியது உங்கள் உரையைப் பற்றி. நம்பியார் வளர்ந்த நவாப் ராஜமாணிக்கத்தின் நாடகக் கம்பெனியைப் பற்றிய நினைவிலேயே நான் இருந்துவரும் நேரத்தில் உங்கள் கடிதம் வந்தது. இல்லையென்றால் ஒரு படத்தின் பெயரை எழுதி அனுப்பிவிட்டுச் சும்மா இருந்திருப்பேன்.

உங்கள் உரையில் அன்பு இருக்கிறது, அதை மறுக்கவில்லை. ஆனால் ஓர் ஆசிரியர், அதுவும் பிள்ளைகளுக்கு முன்னால் நின்று வாசிக்கப்போகிறவர், இவ்வளவு யோசனையில்லாமல் எழுதலாமா? நான்கு பக்கங்களில் சபரிமலை இரண்டரைப் பக்கம், சைவ உணவு அரைப் பக்கம். நடிப்புக்கு, ‘கண்களாலேயே மிரட்டினார்’ என்று ஒரே ஒரு வாக்கியம். ஊர்ப் பந்தியையே வாயடைக்க வைத்த ஒரு சமையல்காரரை மேடையேற்றி, அவர் ஏகாதசி விரதம் தவறாதவர் என்று மட்டும் சொல்லிப் பொன்னாடை போர்த்தி அனுப்புவதைப் போன்றது இது. வில்லன் நடிகர் யார் மறைந்தாலும் நம் பத்திரிகைகள் உடனே எடுத்துப் போடும் வாக்கியத்தைத்தான் நீங்கள் தலைப்பாக வைத்திருக்கிறீர்கள். அது பாராட்டுப்போல் ஒலிக்கும். உள்ளே இருப்பதோ மன்னிப்பு. ஏதோ குற்றம் செய்துவிட்டார், ஆனாலும் வீட்டில் ஒழுங்காக இருந்ததால் போகட்டும் என்று நாம் அவரை விடுதலை செய்கிறோம். அவர் எந்தக் குற்றமும் செய்யவில்லை, ஐயா. தொழில் செய்தார்.

1919இல் பிறந்து, சிறு வயதிலேயே தந்தையை இழந்து, ஊட்டியில் வளர்ந்த நம்பியார் என்ற மலையாளப் பையன், பதின்மூன்று வயதில் மதுரை தேவி பால வினோத சங்கீத சபாவில் சேர்கிறான். அதுதான் நவாப் ராஜமாணிக்கத்தின் குழு. பாய்ஸ் கம்பெனி என்று நம் ஊர்ப் பெரியவர்கள் சொல்வார்களே, அந்த வகை. அத்தகைய கம்பெனிகளில் கதாநாயகனான ராஜபார்ட்டும் பெண் வேடமான ஸ்திரீபார்ட்டும் திருடன் வேடமான கள்ளபார்ட்டும் பையன்களே. கம்பெனி வீட்டில் உண்டு உறங்கி, வாத்தியாரிடம் பாடம் கேட்டு, ஒலிபெருக்கி இல்லாத கொட்டகையில் கடைசித் தரை டிக்கெட்காரருக்கும் வசனத்தின் கடைசி எழுத்து போய்ச் சேரும்படி தொண்டையைப் பழக்கி வளர்ந்தவர்கள் அவர்கள். அங்கே, நான் நல்ல பையன், எனக்கு நல்லவன் வேடம்தான் வேண்டும் என்று எவனும் கேட்க முடியாது. வேடத்தைக் கொடுப்பது வாத்தியார். நிறைவாகக் கட்டுவது பையனின் கடமை.

இனி நான் சொல்லப்போவதைச் சற்று நிதானமாகப் படியுங்கள், ஏனென்றால் உங்கள் உரை முழுவதும் இந்த இடத்தில்தான் வழி தவறியிருக்கிறது. ராஜமாணிக்கத்துக்கு நவாப் என்ற பட்டம் எப்படி வந்தது? பத்ராசலம் ராமதாசர் நாடகத்தில் அவர் ஏற்ற நவாப் வேடத்தால் வந்தது. அதாவது, அரசாங்கப் பணத்தை எடுத்து ராமனுக்குக் கோயில் கட்டினான் என்பதற்காக ஒரு பரம பக்தனைச் சிறையில் அடைத்து வதைத்த கோல்கொண்டா ஆட்சியாளனின் வேடம் அது. கம்பெனியின் முதலாளி, பக்திக்கும் கட்டுப்பாட்டுக்கும் பேர்போனவர், தமக்கென்று எடுத்துக்கொண்டது பக்தனின் வேடத்தை அன்று, பக்தனைச் சிறை வைத்தவனின் வேடத்தை. ஊரும் அதையே அவர் பெயருக்கு முன்னால் வைத்து மரியாதை செய்தது. அந்தக் கதை எப்படி முடிகிறது என்பது உங்களுக்கு நினைவிருக்கும். இராமனும் இலக்குவனும் ஆள் உருவில் வந்து பணத்தைக் கட்டிவிட்டுப் போகிறார்கள். அவர்களைக் கண்ணாரக் காண்பவன் நவாப். சிறையில் கிடந்து பாடிக்கொண்டிருந்த ராமதாசருக்கு அந்தத் தரிசனம் கிடைக்கவில்லை. எனக்குக் காட்டாத முகத்தை அவனுக்குக் காட்டினாயே என்று அவர் அழுததாகச் சொல்வார்கள். இந்த நாடகத்தை ஊர் ஊராக ஆடிய குழுவில் வளர்ந்த பையனுக்கு, கொடியவன் வேடம் கட்டுவது பாவம் என்று தோன்றியிருக்கும் என்றா நினைக்கிறீர்கள்? 1935இல் அந்தக் கதை ‘பக்த ராமதாஸ்’ என்ற படமானது. நம்பியாரின் திரைவாழ்வு தொடங்கியதே அதில்தான்.

ஐயப்பன் வரலாற்றை நாடகமாக்கித் தமிழ்நாட்டு மக்களிடம் கொண்டுசேர்த்தவரும் அதே நவாப்தான். 1950இல் சபரிமலைக் கோயில் தீக்கிரையான பிறகு அங்கே எழுந்தருளிய ஐம்பொன் விக்கிரகத்துக்காக, நீதிக்கட்சித் தலைவர் பி.டி.ராஜனோடு சேர்ந்து முன்னின்றவரும் அவரே. நம்பியாரை மலைக்கு அழைத்துப் போனவரும் அவரே. ஆக, வில்லனுக்கான பயிற்சியும் தலையில் ஏறிய இருமுடியும் ஒரே ஆசானின் கையிலிருந்து வந்தவை. நீங்களோ இரண்டையும் எதிரெதிராக நிறுத்தி, ஒன்றுக்கு மற்றொன்றைப் பரிகாரமாக்குகிறீர்கள்.

பக்தியை நற்சான்றாகக் கொள்வதில் எனக்குச் சொந்தக் கசப்பும் உண்டு, அதையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். எங்கள் பங்காளி வீட்டுப் பெரியவர் ஒருவர், தைப்பூசத்துக்கு நகரத்தார் காவடியோடு பழனிக்கு நடப்பதை ஓர் ஆண்டும் விட்டவரல்லர். நத்தம் சாலையில் பாதம் வெடித்து ரத்தம் கசிந்தாலும் முகம் சுளிக்க மாட்டார். உடன் வருபவர்களுக்குச் சுக்குத் தண்ணீர் வைத்துக் கொடுப்பார். அதே மனிதர், கணவனை இழந்த ஓர் ஆச்சியின் நகைகளை வட்டிக்கு வட்டி எழுதித் தம்முடையதாக்கிக்கொண்டார். அன்று முகப்பில் உட்கார்ந்து அவர் பேசியதைத் தூணோரம் நின்று கேட்டுக்கொண்டிருந்தேன். குரல் உயரவே இல்லை. “கணக்குப்படிதானே ஆச்சி, நான் ஒண்ணும் கூட்டிச் சொல்லலையே” என்றார். நெற்றி நிறையத் திருநீறு. அந்த ஆச்சி அழக்கூடத் தோன்றாமல் எழுந்து போனார்.

பல ஆண்டுகள் கழித்து ‘மந்திரி குமாரி’ பார்த்தபோது, ராஜகுருவாக வரும் நம்பியார் குரலைத் தாழ்த்திப் பேசும் இடங்களில் எனக்கு அந்தப் பெரியவரின் முகம்தான் தெரிந்தது. கொடுமை எப்போதும் கத்திக்கொண்டு வருவதில்லை என்பதையும், மரியாதையான சொற்களுக்குள் அது எப்படி உட்கார்ந்துகொள்ளும் என்பதையும் கவனித்து வைத்திருந்த ஒருவரால்தான் அப்படி நடிக்க முடியும். படம் வந்தது 1950இல். நம்பியாருக்கு வயது முப்பத்தொன்று. வளர்ந்த ஆண்மகனான எஸ்.ஏ.நடராஜனுக்கு அவர் தகப்பன், மகனைத் தளபதியாக்க மன்னனை வளைக்கப் பார்க்கும் குரு. அதே ஆண்டில், அதே மாடர்ன் தியேட்டர்ஸ் எடுத்த ‘திகம்பர சாமியார்’ படத்தில் அவர்தான் கதாநாயகர். மாறுவேடத்துக்கு மேல் மாறுவேடமாகப் போட்டு அசத்தியிருப்பார். ‘நடிக்க நேர்ந்ததே’ என்று நீங்கள் இரங்குகிறீர்களே, நல்லவனாக நடிக்க வாய்ப்பே கிடைக்காதவர் அல்லர் அவர்.

1965இல் வந்த ‘எங்க வீட்டுப் பிள்ளை’யையும் எடுத்துக்கொள்ளுங்கள். மைத்துனனின் சொத்தைத் தன் பிடியில் வைத்துக்கொண்டு அவனையே சவுக்கால் அடிக்கும் கஜேந்திரன் வேடம். எம்.ஜி.ஆர். சவுக்கைக் கையிலெடுத்துப் பாடும் பாட்டைப் பற்றி எழுதாதவர்கள் இல்லை. அதற்கு முன் அதே சவுக்கை நம்பியார் சுழற்றியபோது, எம்.ஜி.ஆரின் இரட்டை வேடங்களில் ஒன்றான, அந்த மைத்துனன் கோழை ராமுவோடு சேர்ந்து நம் உடம்பும் குறுகியிருந்தால்தான் அந்தப் பாட்டு நிற்கும். அந்த வேலையைத் தனியாளாகச் செய்துவிட்டு, கைதட்டலை மற்றவருக்குக் கொடுத்து, தாம் அடிவாங்கித் துவண்டு விழுகிறார். அடிக்கிறவனுக்குப் பாட்டு இருக்கிறது, தாளம் இருக்கிறது. அடிவாங்குகிறவனுக்கு உடம்பு மட்டுமே இருக்கிறது.

இன்னொரு வில்லன் நடிகரான பி.எஸ்.வீரப்பாவின் வெடிச்சிரிப்பு வேறு வகை, அதைத் தனியாகத்தான் எழுத வேண்டும். ‘மகாதேவி’யில் அவர் பேசிப் புகழ்பெற்ற வசனத்தை எழுதியவர் நம் சிறுகூடல்பட்டிக் கண்ணதாசன் என்பதை நம் பக்கத்திலேயே பலர் மறந்துவிட்டார்கள் என்பதை மட்டும் இங்கே குறித்துவைக்கிறேன். சா.கணேசன் 1939இல் தொடங்கிவைத்த காரைக்குடிக் கம்பன் விழாவுக்கு நீங்களும் போயிருப்பீர்கள். இராவணன் எல்லாவற்றையும் களத்தில் போட்டுவிட்டு வெறுங்கையோடு இலங்கைக்குத் திரும்பும் பாட்டை ஒருவர் நிறுத்தி நிறுத்திச் சொல்லும்போது பந்தல் எப்படி உருகும் என்பதையும் பார்த்திருப்பீர்கள். இராமனைப் பாட வந்த கம்பர் இராவணனுக்கு இவ்வளவு நல்ல பாட்டைக் கொடுத்துவிட்டாரே, அவர் மனம் உறுத்தியிருக்காதா என்று எழுந்து கேட்டவர் உண்டா? இராவணனாகவே ஆண்டுக்கணக்கில் மேடையேறி ‘இலங்கேஸ்வரன்’ நாடகத்தை நடத்திய ஆர்.எஸ்.மனோகரிடம் மட்டும் அதைக் கேட்போம், நம்பியாரிடம் கேட்போம். கவிஞனுக்குக் கொடுக்கும் மரியாதையை நடிகனுக்குக் கொடுக்க நமக்கு ஏன் இவ்வளவு தயக்கம்?

உரையைத் திருத்துங்கள். தலைப்பை எடுத்துவிடுங்கள். நவாபின் கம்பெனியிலிருந்து தொடங்கி, ராமதாசர் கதையைச் சொல்லுங்கள். உங்கள் நல்ல மனத்துக்கு அது வாய்க்கும், பையன்களும் ஆவலோடு கேட்பார்கள். சபரிமலை அதன் வழியாகத் தானே வந்து சேரும். திரையிட ‘எங்க வீட்டுப் பிள்ளை’ போதும். நேரம் மிஞ்சினால், 1982இல் வந்த ‘தூறல் நின்னு போச்சு’ படத்தில் பாக்யராஜோடு அவர் வரும் காட்சிகளையும் காட்டுங்கள். அறுபது வயதைக் கடந்துவிட்ட நம்பியார், பயமுறுத்துவதற்குப் பழக்கிய அந்தக் குரலை ஏற்ற இறக்கம் மாறாமல் வைத்துக்கொண்டு, அங்கே சிரிக்கவைக்கிறார்.