முப்பது தொன் பாறை

அன்புள்ள ஐயா,
மகனைப் பார்க்கப் பெங்களூர் போன இடத்தில் கோலார் தங்கவயலுக்கும் போய்வந்தோம். வெள்ளைக்காரர் கால பங்களாக்கள், சாம்பல் நிறத்தில் அழகான மணல்மலைகள். மலைக்கு முன்னால் குடும்பமாகப் படம் எடுத்தோம். தேநீர்க் கடையில் சுரங்கத்தில் வேலை செய்த முதியவர் ஒருவர் தமிழில் நன்றாகக் கதைத்தார். மகளுக்கு 11 பவுணில் தாலிக்கொடி செய்ய வேண்டும். பெங்களூரில் செய்வதா, யாழ்ப்பாணம் கன்னாதிட்டி நகைத் தெருவிலா?
- ஒரு வாசகர், கோண்டாவில்

அன்புள்ள நண்பருக்கு,

கொடியை நம்பிக்கையான நகைப் பத்தர் எங்கே இருக்கிறாரோ அங்கே செய்யுங்கள். பங்களாக்களையும் விடுங்கள். அந்த மணல்மலைதான் இரண்டு நாளாக என்னை நித்திரை கொள்ள விடவில்லை.

அது மணல் இல்லை. பாறையை மாவாக அரைத்து, சயனைட் கரைசலில் பொன்னைப் பிரித்தெடுத்தபின் கொட்டிய கழிவு. காற்றடித்தால் அங்குள்ள சனத்தின் வீட்டுக்குள் வரும் தூள். அதன் முன்னால் நின்றா சிரித்தீர்கள்? 1880இல் ஜான் டெய்லர் கம்பனி வந்தது முதல் 2001 பெப்ரவரியில் மூடும்வரை வெட்டிய பாறை அது. வெட்டியவர்களில் பெரும்பாலானோர் வட ஆர்க்காட்டுப் பக்கமிருந்து பிழைக்கப் போன ஏழைத் தமிழர், அதிலும் கூடுதலாகத் தலித் மக்கள். 3 கிலோமீற்றர் ஆழம்வரை இறங்கினார்கள். பாறை வெடித்துச் செத்தவர்கள் உண்டு, தூசியில் நெஞ்சு போனவர்கள் உண்டு.

கடைசிக் காலத்தில் அங்கே ஒரு தொன் பாறையில் ஏறக்குறைய 3 கிராம் பொன்தான். கணக்குப் பாருங்கள். ஒரு பவுண் 8 கிராம், உங்கள் கொடி 88 கிராம். கிட்டத்தட்ட 30 தொன் பாறை! அந்தப் பொன் கோலாரிலிருந்து வராமல் இருக்கலாம். எந்த நாட்டுப் பொன் என்றாலும் அதற்காக ஒருவன் கீழே இறங்கித்தான் இருப்பான். கலியாணப் பேச்சில் எத்தனை பவுண் என்று கேட்கிற நாங்கள் அவனைப் பற்றி ஒரு நாளாவது கேட்டிருக்கிறோமா?

சின்ன வயதில் அம்மம்மாவோடு கன்னாதிட்டிக்குப் போவேன். பின்னேரம் வேலை முடிந்ததும் பத்தர் மடியில் விரித்திருந்த துணியை உதறாமல் மெல்ல மடிப்பார். கை கழுவின தண்ணீரையும் வெளியே ஊற்றமாட்டார், மண்சட்டியில் சேர்த்து வைப்பார். மூக்குக்கண்ணாடியைக் கழற்றி, அதன் விளிம்பையும் தூரிகையால் ஒருக்கால் தட்டுவார். அம்மம்மா அதுவரை பேசாமல் காத்திருப்பா. அவர் செய்த அம்மம்மாவின் காப்புகள்தான் 1995 யாழ்ப்பாண இடப்பெயர்வில் சாவகச்சேரியில் எங்களுக்கு அரிசியாயின.

சரி, அந்த முதியவர் எத்தனை வருடம் கீழே இறங்கினார், எந்தச் சுரங்கத்தில், இப்போது மூச்சு எப்படி? ஒன்றுமே எழுதவில்லையே நீங்கள். மகன் பக்கத்தில்தானே இருக்கிறான், ஒரு ஞாயிற்றுக்கிழமை போய்க் கேட்டுவரச் சொல்லுங்கள். எனக்கு எழுதுங்கள்.