நிற்பாட்டி வைத்த இரண்டு மீற்றர் எட்டு செக்கனைத் தின்னுமா?

குருநகரிலிருந்து ஒரு வாசகர் கேட்கிறார்: "மீன் வைக்கிற குளிர் அறைகள் 14. அறைக்கு ஒரு வெப்பநிலை மீற்றர். எல்லாம் ஒரே இரண்டு வயர் லைனில், ஆர்எஸ்-485 மொட்பஸ் முறையில், 9600 வேகத்தில் அலுவலகக் கொம்பியூட்டருக்கு வருகின்றன. முன்பு ஒரு செக்கனுக்குள் எல்லா அறையின் இலக்கமும் மாறிவிடும். மீன் வரத்துக் குறைந்து இரண்டு அறையை நிற்பாட்டிய பிறகு எட்டு, ஒன்பது செக்கன் எடுக்கிறது. வேகத்தை 19200 ஆக்கச் சொல்கிறார்கள். ஆக்கலாமா?"

வேகத்தில் (9600 என்பது லைனில் ஒரு செக்கனுக்குப் போகிற பிட் எண்ணிக்கை) கை வைக்க வேண்டாம். லைனில் பிழை இருப்பதாகத் தெரியவில்லை. பதில் வராத இடத்தில் கொம்பியூட்டர் காத்து நிற்கிறது, அவ்வளவுதான்.

ஆர்எஸ்-485 என்பது பல கருவிகள் ஒரே வயரைப் பகிர்கிற இணைப்பு, மொட்பஸ் என்பது அதில் அவை பேசுகிற ஒழுங்கு. பள்ளிக்கூடத்தில் இடாப்புக் கூப்பிடுவது போலத்தான் அந்த ஒழுங்கு. பெயரைக் கூப்பிட்டால்தான் பிள்ளை வாய் திறக்கலாம். கொம்பியூட்டர் "5ஆம் இலக்கம், எத்தனை டிகிரி?" என்று கேட்கும். கேள்வி 8 பைட். அது எல்லா மீற்றருக்கும் கேட்கும், ஆனால் 5 மட்டுமே பதில் சொல்லும், 7 பைட்டில். 9600 வேகத்தில் ஒரு பைட் போக ஒரு மில்லி செக்கனுக்குச் சற்றுக் கூடத் தேவை. மீற்றர் யோசிக்கிற நேரம், இடையில் விட வேண்டிய அமைதி எல்லாம் சேர்த்து, ஆளுக்கு 50 மில்லி செக்கன் என்று வையுங்கள். 14 மீற்றருக்கு 0.7 செக்கன். முன்பு நீங்கள் கண்டது இதைத்தான்.

அறையை நிற்பாட்டியதால் பவர் இல்லாமல் போன மீற்றர் "நான் இல்லை" என்று சொல்லாது. பல மென்பொருள்களில் ஒரு செக்கன் காத்திருப்பு, அப்புறம் மூன்று மறுமுறை (அதே கேள்வியைத் திரும்பக் கேட்டுக் காத்திருப்பது) என்று அமைத்திருக்கும். அப்படியென்றால் ஒரு மீற்றருக்கு 4 செக்கன், இரண்டுக்கு 8. மிச்சம் 12 மீற்றருக்கு 0.6. கூட்டினால் 8.6, நீங்கள் சொன்ன கணக்கேதான். 19200 ஆக்கினால் இதில் 0.2 செக்கன்கூட மிச்சம் பிடிக்க முடியாது. ஒரு மீற்றரில் மாற்ற மறந்தால் அதுவும் பேசாமல் போய்விடும்.

1971இல் வந்த ஐபிஎம் 3270 முனையங்களும் (பெரிய கொம்பியூட்டரோடு லைனில் இணைந்த திரையும் விசைப்பலகையும்) ஒரே லைனில் இப்படிக் கூப்பிடப்பட்டவைதான். அனுப்ப ஒன்றும் இல்லாவிட்டாலும் அங்கிருந்து "இல்லை" என்று உடனே ஒரு சின்னப் பதில் வரும். லைனுக்கு அந்த "இல்லை" பெரிய செலவில்லை, மௌனம்தான் செலவு.

சரி, செய்ய வேண்டியது: மென்பொருளின் பட்டியலில் அந்த இரண்டு இலக்கத்தையும் தற்காலிகமாக நிறுத்துங்கள். அந்த வசதி இல்லாவிட்டால் காத்திருப்பை 200 மில்லி செக்கனாக்கி, மறுமுறையை ஒன்றாக்குங்கள். சுற்று 1.4 செக்கனுக்கு வந்துவிடும். 200ஐ விடக் குறைக்க நான் துணியமாட்டேன், சில மீற்றர்கள் நிதானமாகத்தான் வாய் திறக்கும். "நிலைமையைப் பார்க்க" என்று இன்னொரு லாப்டொப்பை அதே லைனில் கொழுவவும் வேண்டாம். ஒரு வகுப்பில் இரண்டு வாத்திமார் இடாப்புக் கூப்பிட்டால் என்னவாகும்?

மீற்றரையே கழற்றுவதானால், வருகிற வயரையும் போகிற வயரையும் அந்த இடத்தில் சேர்த்துவிடுங்கள். விட்டால் அதற்கு அப்பால் உள்ள அறைகள் எல்லாம் மௌனமாகும். கழற்றுவது லைனின் கடைசி மீற்றர் என்றால், அதன் முனையில் கிடக்கிற, சிக்னல் எதிரொலிக்காமல் தடுக்கிற 120 ஓம் ரெசிஸ்டரைக் கழற்றி முந்திய மீற்றரில் பூட்டுங்கள்.